மயிலாப்பூர் சுத்திப் பாக்கப் போறீங்களா? மதியம் போகாதீங்க

கபாலீஸ்வரர் கோயில் மதியானம் 12 மணி வாக்குல நடை சாத்தினா சாயங்காலம் 4 மணிக்குத்தான் திறப்பாங்க, இது தெரியாம வெயில்ல மாட வீதியில நின்னு முழிச்சவங்கள்ல நானும் ஒருத்தன். அதனால 3 மணிக்கு மேல திருமயிலை பறக்கும் ரயில் ஸ்டேஷன்ல இறங்கி முதல்ல லஸ் சர்ச் பாத்துடுங்க, போர்ச்சுகீசியர் 1516ல கட்டுனது, அந்தக் காலத்துல சுத்தி ஒரே காடாம், அதான் காட்டுக் கோயில்னு இன்னமும் சொல்றாங்க. அப்புறம் பொடிநடையா கபாலி கோயில். பழைய கோயில் கடலோரமா இருந்து போர்ச்சுகீசியர் காலத்துல அழிஞ்சுபோச்சு, இப்ப இருக்கறது அதுக்கப்புறம் கட்டுனது, 120 அடி கிழக்கு ராஜகோபுரம் 1906ல எழுப்புனது. குளம் மேற்குப் பக்கம், போட்டோவுக்கு அந்தக் கரைதான் பெஸ்ட். கார் மட்டும் வேணாம், பார்க்கிங் தேடியே பொழுது போயிடும்.