தப்பு அடித்தால் நாதஸ்வரம் கேட்கிறதா?

இலங்கை மலையகத்தின் ஹட்டன் பக்கம் ஆடி மாதத்தில் மைக் வைத்து ஒலிப்பதிவு செய்வது வீண் வேலை. தகரக் கூரையில் விழும் மழைதான் முதலில் பதியும். அதனால் நாங்கள் வாத்தியங்களை எல்லாம் மென்பொருளிலேயே வாசித்து முடித்துவிட்டு, குரலை மட்டும் மழை விட்ட இரவுக்கு ஒத்திவைப்போம். ஒருவரே வாசிக்கும் வரை தொல்லை இல்லை. இருவர் சேர்ந்து உட்கார்ந்தால்தான் சிக்கல்.

போன வருடத் திருவிழாவுக்கு ஒரு மாரியம்மன் பாட்டு. என் கீபோர்டில் நாதஸ்வரம், சித்தப்பா மகன் தட்டும் மின்னணு பேடில் தப்பு என்ற பறை. ஆளுக்கொன்றாக இரண்டு டிராக்கிலும், அதாவது பதிவுத் தடத்திலும், பதிவுக்கான சிவப்புப் பொத்தானை அழுத்திவிட்டுத் தொடங்கினோம். அவன் தப்பை அடிக்கும் போதெல்லாம் நாதஸ்வரம் ‘பீ’ என்று அலறியது. என் விரல் பட்ட இடமெல்லாம் தப்பு அதிர்ந்தது. காதில்தான் கலந்து கேட்கிறது, பதிவில் சரியாக இருக்கும் என்று நினைத்து முழுப் பாட்டையும் வாசித்தோம். பதிவிலும் அதே கூத்துதான். வேண்டாத சுரங்களை ஒவ்வொன்றாக அழித்ததில் பாதி இரவு போனது.

காரணம் எளிது. சிவப்புப் பொத்தான் எரியும் எல்லா டிராக்குக்கும், உள்ளே வரும் எல்லா மிடித் தகவலையும் (வாத்தியக் கருவி கணினிக்குச் சொல்லும் வாசிப்புத் தகவல்) மென்பொருள் அனுப்பிவிடும். 1983இல் வந்த மிடி முறையில் ஒரு இணைப்புக்குள் 16 சேனல்கள் உண்டு. ஆனால் பெரும்பாலான கீபோர்டுகள் கடையிலிருந்து வரும்போதே 1ஆம் சேனலில்தான் இருக்கும். ஆகவே ஒவ்வொரு டிராக்கின் உள்ளீட்டிலும் ‘எல்லாம்’ என்றிருப்பதை மாற்றி, உரிய கருவியின் பெயரையோ, இரண்டையும் வெவ்வேறு சேனலில் வைத்துவிட்டு உரிய சேனலையோ தேர்ந்தெடுக்க வேண்டும். லாஜிக் புரோ என்ற ஒலிப்பதிவு மென்பொருளில், பதிவை சேனல்வாரியாகப் பிரித்துப் போடும் தேர்வு ப்ராஜெக்ட் அமைப்புகளின் ஒலிப்பதிவுப் பகுதியில் இருக்கிறது. ஏபிள்டன் லைவ் என்ற இன்னொரு மென்பொருளில் வேறு வேடிக்கை: இரண்டாவது டிராக்கின் பொத்தானை அழுத்தினால் முதலாவது அணைந்துவிடும். கன்ட்ரோல் விசையை, மேக் கணினியில் கமாண்ட் விசையை, பிடித்துக்கொண்டு அழுத்த வேண்டும். பிறகு ஒருவர் மட்டும் வாசித்து, ஒரே ஒரு டிராக்கின் ஒலிமானி ஆடுகிறதா என்று பாருங்கள்.

அடுத்த தவறு பஃபர், அதாவது கணினி ஓசையை வெளியே விடுமுன் சேர்த்து வைக்கும் அளவு. 48,000 ஹெர்ட்ஸில் (விநாடிக்கு 48,000 ஒலி மாதிரிகள்) 1024 மாதிரிகள் என்று வைத்தால் அது மட்டுமே 21 மில்லி விநாடிக்கு மேல் தாமதம். தப்பு வாசிப்பவருக்குக் கை ஓர் இடத்தில், ஓசை ஓர் இடத்தில். 128 என்றால் 3 மில்லி விநாடிக்கும் குறைவு. அப்போது கணினி திணறி ஓசை வெடித்தால், கனமான வாத்தியங்களுக்குப் பதில் இலகுவானவற்றைப் போட்டு வாசியுங்கள். பதிவது ஓசையல்ல, எந்தச் சுரம், எவ்வளவு அழுத்தம், எந்நேரம் என்ற தகவல் மட்டுமே. வாத்தியத்தைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

எனக்கு அதிகம் எரிச்சலூட்டுவது, சுரங்களைத் தாளக் கட்டத்துக்கு இழுத்து ஒட்டவைக்கும் குவான்டைஸைப் பதியும்போதே போட்டுவிடுவது. நிமிடத்துக்கு 100 அடி என்ற வேகத்தில் ஓர் அடியின் நீளம் 600 மில்லி விநாடி. ஓர் அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடையில் தப்பு 0, 200, 400 என்ற இடங்களில் விழும். ஓர் அடியை நான்காகப் பிரிக்கும் ‘பதினாறில் ஒன்று’ என்ற கட்டம் அதை 0, 150, 450 என்று இழுத்துவிடும். மூன்றாகப் புரண்ட நடை நொண்டி நடக்கும். சில மென்பொருள்களில் அந்த மாற்றம் பதிவிலேயே தங்கிவிடும். வாசித்ததை அப்படியே பதியுங்கள்; திருத்தம் பிறகு, அதுவும் திஸ்ரக் கட்டத்தில்.

மின்சாரம் போனாலும் மடிக்கணினி ஓடும் என்ற தைரியமும் முழுக்க உதவாது. பேட்டரிக்கு மாறியதும் பல கணினிகள் தாமாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்; இவ்வளவு நேரம் ஒழுங்காக ஓடிய பாட்டு திடீரென்று கரகரக்கும். மின்சக்தி அமைப்பை முன்பே முழுத் திறனில் வைத்துவிடுங்கள். சித்தப்பா மகன் இப்போது மேகம் கறுத்தாலே அதைத்தான் முதலில் பார்க்கிறான்.