துக்க வீட்டுக்குத் தீபாவளிக்குப் போகிறீர்களா?

அப்பா இறந்தது 2023 ஆடியில். அந்த வருடத் தீபாவளி நவம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை. கோவில்பட்டியில் எங்கள் சொந்தத்தில், சாவு விழுந்த வீட்டில் ஒரு வருடம் பண்டிகை கிடையாது. எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது. மற்றவர்கள்தான் பலகாரம் கொண்டுவந்து கொடுப்பார்கள். என்ன பேசுவதென்று தெரியாமல் வாசலோடு திரும்புகிறவர்களே அதிகம். நானும் பல வீடுகளில் அப்படித்தான் திரும்பியிருக்கிறேன். அன்று உள்ளே வந்து உட்கார்ந்தவள் சாத்தூர் அத்தை, அப்பாவின் அக்கா. அவளிடம் கற்றதைச் சொல்கிறேன்.

"வரட்டுமா" என்று கேட்காதீர்கள். "உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றுதான் பதில் வரும். "சனிக்கிழமை சாயங்காலம் வாரேன், ராத்திரி தங்குவேன்" என்று சொல்லிவிடுங்கள். முந்தின நாளே போய்விடுவது நல்லது, ஏனென்றால் தீபாவளி விடியற்காலைதான் தாங்க முடியாதது. தெரு முழுக்க வெடிச் சத்தம், பக்கத்து வீட்டில் சீயக்காய் வாசம், நம் வீட்டில் மட்டும் லைட்டைப் போடக்கூடக் கை வராது. அந்த இருட்டில் அடுக்களையில் அத்தை காபி ஆற்றும் சத்தம் கேட்டது. அதற்கப்புறம்தான் நான் எழுந்தேன்.

பலகாரம் எல்லாரும் கொண்டுவருவார்கள். மத்தியானத்துக்குள் எங்கள் வீட்டில் 7 டப்பா சேர்ந்துவிட்டது, ஆனால் சோறு பொங்கத்தான் ஆளில்லை. அதனால் இட்லி மாவு, தயிர், காய்கறி என்று கொண்டுபோங்கள். அத்தை பிள்ளைகளுக்குக் காராச்சேவு ஒரு பொட்டலமும், தூக்குவாளி நிறைய மாவும் கொண்டுவந்திருந்தாள்.

போனதும் ஆறுதல் சொல்ல ஆரம்பிக்காதீர்கள். கைக்கு ஒரு வேலை எடுத்துக்கொள்ளுங்கள். அத்தை ஒரு கட்டு முருங்கைக்கீரையை அம்மாவுக்கும் தனக்கும் நடுவில் பிரித்துப் போட்டாள். இரண்டு பேரும் பேசாமல் காம்பிலிருந்து இலையை உருவிக்கொண்டிருந்தார்கள். பாதிக் கட்டு முடிந்தபோது அத்தை சொன்னாள்: "தம்பிக்கு இதுல பூண்டு தட்டிப் போடணும்."

"ஆமா மதினி, இல்லன்னா தட்டைத் தள்ளி வச்சிருவாங்க" என்று அம்மா சிரித்தாள். அப்பா போனபிறகு அவள் சிரித்து அன்றுதான் பார்த்தேன். உடனே அழுதாள். அத்தை அவள் முதுகில் ஒரு கையை வைத்துக்கொண்டு, இன்னொரு கையால் கீரையைத் தொடர்ந்து உருவினாள். "அழாதே" என்று சொல்லவில்லை. போனவரைப் பற்றிப் பேசப் பயப்படாதீர்கள். வீட்டில் இருப்பவர்கள் நாள் முழுக்க அவரைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

பிள்ளைகளை மறந்துவிட வேண்டாம். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு, என் மகனைப் பக்கத்து வீட்டு வாசலுக்கு மத்தாப்பு கொளுத்தக் கூட்டிப்போனாள் அத்தை.

ஊர் திரும்பியதும் காலண்டரில் பொங்கலையும் தலைத்திவசத்தையும் குறித்துவையுங்கள், அந்த நாட்களும் கனமானவை. நடுவில் சும்மா ஒரு செவ்வாய்க்கிழமை போன் செய்து "என்ன குழம்பு?" என்று கேளுங்கள். ஆஸ்பத்திரியில் யாராவது படுத்திருந்தாலும் இதே முறைதான்: பழப்பையோடு பத்து நிமிடம் நிற்பதைவிட, ஒரு ராத்திரி நீங்கள் உட்கார்ந்து, கூட இருப்பவரைத் தூங்க விடுங்கள்.

இந்த வருடம் என் தோழி வீட்டில் அவள் மாமியார் இல்லாத முதல் தீபாவளி. நாளைக்குச் சாயங்கால பஸ். 4 பங்கு அரிசிக்கு 1 பங்கு உளுந்து, ஊறப்போட்டிருக்கிறேன்.