வெயிட் கம்மியான டேங்க் பீரங்கி: எங்கெல்லாம் தப்பு நடக்குது?

லைட் டேங்குக்கு பீரங்கி டிசைன் பண்ணும்போது முதல்ல சறுக்குற இடமே இதுதான், பேரலும் (குழாய்) ப்ரீச்சும் (குண்டை உள்ள வச்சு மூடுற பின்பக்கம்) சும்மா சுமக்குற பாரம்னு நினைச்சு இளைக்க வைக்கிறது. அந்த வெயிட் ஒவ்வொரு ஷாட்லயும் வேலை செய்யுதுங்க. குண்டும் வாயுவும் முன்னாடி கொண்டுபோற உந்தம் மாறப்போறதில்ல, அதனால பின்னாடி நகர்ற பாகம் 2 டன்னா இருந்ததை 1 டன் ஆக்கினா அது ரெண்டு மடங்கு வேகத்துல பின்னால வரும், ரீகாயில் (பின்னுதைப்பு) எனர்ஜியும் ரெண்டு மடங்கு.

இதைத் தாங்கணும்னா ரீகாயில் தூரத்தை கூட்டணும். ரஷ்யாவோட ஸ்ப்ரூட்-எஸ்டி 18 டன் வண்டி, அதோட 125 மிமீ பீரங்கி 740 மிமீ பின்வாங்குது. இதுக்கு டரட்டுக்குள்ள (பீரங்கி பொருத்துற சுழலும் மேல்கூடு) இடம் வேணும்ல? பேரலை மேல தூக்கும்போது ப்ரீச் கீழ இறங்கும், அந்த நிலையில சுட்டா வண்டியோட உள்தரையில இடிக்குமான்னு பார்க்காம விடுறவங்க இருக்காங்க. குழாய் வாயில மசில் பிரேக் (வாயுவை பக்கவாட்டுல திருப்புற அமைப்பு) போட்டா உதைப்பு குறையும், சரி, ஆனா பக்கத்துல நிக்குற சிப்பாய்க்கு அந்த வாயுவோட அழுத்தம் ஆபத்து.

பேரல் சுவரை மெலிசாக்குறப்போ வெறும் அழுத்தக் கணக்கோட நிறுத்தவே கூடாது. குழாய்ச் சுவர்ல ஓடுற அதிர்வலையோட வேகத்தை குண்டு நெருங்கினா சுவர் விரியுறது கணக்கை தாண்டி பல மடங்கு போகும், சுவர் மெலிய மெலிய அந்த வேகமும் கீழ இறங்கும். கார்பன் ஃபைபர் சுத்தினா எல்லாம் சரியாயிடும்னும் நம்பாதீங்க, சூடுல இறுகின பிறகு ஆறும்போது ஸ்டீல் சுருங்குற அளவுக்கு ஃபைபர் சுருங்காது, நடுவுல மெல்லிய இடைவெளி விழும், அப்புறம் ஃபைபர் பாரத்தையே வாங்காது. சுத்தும்போதே இழுத்துப் பிடிச்சு சுத்தணும்.

அமெரிக்காவோட எம்551 ஷெரிடனைப் பாருங்க, சுமார் 15 டன் வண்டியில 152 மிமீ பீரங்கி, அதே குழாய்ல ஷில்லேலா ஏவுகணையும். சாதா குண்டு சுட்டா முன் சக்கரங்களே தரையை விட்டு எழும்பும், அந்த அதிர்ச்சியில ஏவுகணையோட எலக்ட்ரானிக்ஸ் கெட்டுப்போகும். எரிஞ்சு தீர்ற தோட்டா உறை வேற ஈரம் குடிச்சு ஊதிக்கும், முழுசா எரியாம கங்கு ப்ரீச்ல தங்கினா அடுத்த குண்டை உள்ள வைக்கிறவர் உயிருக்கே ஆபத்து. பேரல், தோட்டா, வண்டி மூணையும் ஒண்ணா சேர்த்து, ஈரத்துலயும் வெயில்லயும் வச்சு சுட்டுப் பாருங்க, டெஸ்ட் ஸ்டாண்ட்ல பீரங்கியை இறுக்கி வச்சு சுட்டா இதுல பாதி தெரியவே தெரியாது.