உங்கள் காலைத் தொட்டே எலும்பு படிக்கலாம்

நர்சிங் சேர்ந்திருக்கிற பக்கத்து வீட்டுப் பெண், இடுப்பெலும்பையும் சேர்த்து ஒரு காலுக்கு 31 எலும்பு என்று மூச்சுவிடாமல் ஒப்பிப்பாள். முழங்காலுக்குக் கீழே இருக்கும் இரண்டு எலும்புகளில் மெல்லியதான ஃபிபுலா உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கேட்டால் முழிப்பாள். படத்தை மூடிவைத்துவிட்டுத் திண்ணைக்கு வா என்றேன். நீங்களும் வாருங்கள்.

முதலில் நின்றுகொள்ளுங்கள். இடுப்பில் கை வைத்தால் தட்டுப்படும் விளிம்பு, இடுப்பெலும்பு. அதற்கு ஒரு சாண் கொள்ளாத தூரம் கீழே, தொடையின் வெளிப்பக்கம் விரலை அழுத்தி, பாதத்தை உள்ளும் வெளியும் திருப்புங்கள். ஒரு முண்டு உருளும். அது தொடை எலும்பின் முண்டு. பலர் அதையே மூட்டு என்கிறார்கள். மூட்டு இன்னும் உள்ளே, தொடை இடுக்கை ஒட்டி இருக்கிறது. நம்மூர்க் கணக்கில் சொன்னால், தோள் மூட்டு தட்டில் வைத்த களி உருண்டை, இடுப்பு மூட்டு கும்பாவுக்குள் உட்கார்ந்த உருண்டை. தோள் போல இடுப்பு லேசில் நழுவாததற்கு அதுதான் காரணம்.

இனி உட்கார்ந்து காலை நீட்டுங்கள். தொடையைத் தளர்த்தினால் முழங்கால் சில்லை இரு பக்கமும் நகர்த்தலாம், இறுக்கினால் அசையாது. தொடைத் தசையின் நாணுக்குள் பதிந்த எலும்பு அது.

சில்லுக்குக் கீழே கட்டைவிரலை இழுத்துக்கொண்டே போங்கள். நடுவில் தசையே இல்லாமல் தோலை ஒட்டி ஓடுவது டிபியா, அந்த இரண்டில் தடித்த எலும்பு. கட்டில் காலில் இடித்தால் உயிர் போவது இதனால்தான். முழங்காலுக்குச் சற்றுக் கீழே வெளிப்பக்கம் தட்டுப்படும் குமிழ், ஃபிபுலாவின் தலை. அங்கே பலமாக அழுத்தாதீர்கள். ஒரு நரம்பு எலும்பை ஒட்டிச் சுற்றிப் போகிறது, அடிபட்டால் பாதத்தைத் தூக்க முடியாது. ஃபிபுலா முழங்கால் மூட்டில் சேராது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தர்மபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கு இங்கே ஒரு வார்த்தை. ஃப்ளோரைடு மிகுந்த ஆழ்துளைத் தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் அது எலும்பில் படியும், தசைநார்கள் இறுகும், பிள்ளைகளுக்கு முழங்கால்கள் உள்நோக்கி வளையலாம். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது இதற்காகத்தான்.

அடுத்தது கணுக்கால். உள்பக்க முண்டு டிபியா, வெளிப்பக்க முண்டு ஃபிபுலா. இரண்டையும் தொட்டுப் பாருங்கள், வெளிப்பக்கத்தது தாழ்ந்திருக்கும். இரண்டுக்கும் நடுவில் டாலஸ் என்கிற எலும்பு. ஒரு தசைகூட அதில் ஒட்டவில்லை. இப்போது முண்டுகளைப் பிடித்துக்கொண்டே பாதத்தைப் பக்கவாட்டில் சாயுங்கள். முண்டுகள் அசையாது! மேலும் கீழும் மடங்குவதுதான் கணுக்கால். சாய்வது அதற்கும் கீழே, டாலஸுக்கும் குதிகால் எலும்புக்கும் நடுவில். கிருஷ்ணகிரிக் கோட்டையின் சரிவுப் பாறையில் ஏறும்போது பாதம் பாறைக்கேற்பத் திரும்பிக்கொடுப்பது இந்த மூட்டால்தான்.

மிச்சம் எண்ணிக்கைதான். பாதத்தின் பின்பாதியில் 7 (டாலஸும் குதிகாலும் இதில் சேர்த்தி), நடுவில் 5, விரல்களில் 14. கட்டைவிரலுக்கு இரண்டு, மற்றவற்றுக்கு மூன்று. சுண்டுவிரலில் மூன்றாவது தட்டுப்படவில்லையென்றால் பயப்படாதீர்கள். பலருக்குக் கடைசி இரண்டும் ஒட்டியே இருக்கும்.