பறவைப் படத்தைக் கெடுக்கும் கானலும் வேறு சில தவறுகளும்

மாரி மழை ஓய்ந்து மாசி பிறந்தால், நிலாவெளி உப்பளப் பக்கமும் கொக்கிளாய்க் களப்பு ஓரமும் புதிதாகக் கமரா வாங்கிய இளையோரைக் காணலாம். வலசை வந்த உள்ளான்கள் இன்னும் திரும்பிப் போகாத காலம் அது. லென்ஸ் மூடியைக் கழற்ற மறப்பது, பற்றரி தீர்ந்துபோவது போன்றவற்றை யாரும் இரண்டாம் முறை செய்வதில்லை; அவற்றை விட்டுவிடுவோம். வருடாவருடம் புதியவர்களின் காசைக் கரைக்கிற தவறு வேறு.

கானலை லென்ஸின் பழுது என்று நினைப்பது

காலை பத்து மணிக்கு மேல், நூறு மீட்டருக்கு அப்பால் நிற்கும் நெடுங்கால் உள்ளானை 600 மி.மீ. லென்ஸால் எடுக்கிறார்கள். வீட்டில் கணினியில் பெரிதாக்கிப் பார்த்தால் கால்கள் நெளிந்திருக்கின்றன, இறகு ஒன்றுகூடப் பிரியவில்லை. லென்ஸ் சரியில்லை என்று முடிவுகட்டித் திருத்தக் கொடுக்கிறார்கள். பழுதில்லை என்று திரும்பி வருகிறது. பிறகு அதை விற்று, மேலும் லட்சங்களைப் போட்டு இன்னும் நீளமான லென்ஸ். அதிலும் அதே மங்கல்தான், இப்போது பெரிதாகத் தெரிகிறது. காரணத்தை ஒரே காலையில் கண்டுபிடிக்கலாம் என்பதால்தான் இதைப் பார்க்க எரிச்சல் வருகிறது.

வெயில் ஏறியதும் மணலும் காய்ந்த சேறும் தம்மேல் கிடக்கும் காற்றைச் சூடாக்குகின்றன. சூடான காற்றும் குளிர்ந்த காற்றும் கலந்து அலைபாயும்போது, பறவையிலிருந்து வரும் ஒளி கணத்துக்குக் கணம் வேறு பக்கம் வளைகிறது; இதுதான் கானல். தூரம் கூடக்கூட, பார்வைக்கோடு தரையை ஒட்ட ஒட்ட, மங்கலும் கூடும். 1/4000 ஷட்டர் வேகம் அந்த நெளிவை அப்படியே உறைய வைக்கும், நீக்காது. முக்காலியும் லென்ஸின் நடுக்கத் தடுப்பும் கமராவின் அசைவைத்தான் அடக்கும், காற்றை அடக்காது. நிறமும் இதில் அடிபடுகிறது: இறகின் நுண்கோடுகள் ஒன்றோடொன்று கலந்து தட்டையாகிவிட, அதை மீட்கிறோம் என்று கணினியில் நிறச்செறிவை ஏற்றுகிறார்கள். இரண்டாவது கேடு அங்கே தொடங்குகிறது.

சோதிப்பது எளிது. அசையாமல் நிற்கும் பறவையை இருபது படம் தொடர்ந்து எடுங்கள். பறவைக்கு முன்னாலோ பின்னாலோ ஒரு கீற்றுத் தரை எல்லாப் படங்களிலும் கூர்மையாக இருந்தால் அது போகஸ் பிழை. எங்குமே கூர்மை இல்லாமல், படத்துக்குப் படம் உருவம் மாறினால் அது கானல். அடுத்த நாள் விடிந்ததும் பத்து மீட்டர் தூரத்தில் ஒரு பத்திரிகைத் தாளைப் பலகையில் ஒட்டி, லென்ஸை மணல் பையில் வைத்து எடுங்கள். எழுத்து தெளிவாக விழுந்தால் லென்ஸில் குறையில்லை.

பரிகாரம் நேரமும் தூரமும்தான். கிழக்கு வெளுக்கும் முன்பே இடத்தில் இருங்கள், எட்டு மணிக்குள் முடியுங்கள். பறவையைத் துரத்தாமல் கண்டல் பற்றையின் அருகே அசையாமல் இருந்தால் அது இருபது மீட்டருக்குள் தானே மேய்ந்து வரும். கச்சான் என்ற வறண்ட தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் மணலில் படுத்து எடுப்பது வீண். மேகமூட்டமான நாள் வந்தால் விடாதீர்கள்.

வாகனத்துக்குள் இருந்து எடுப்பவர்களுக்கு இதே தொல்லை வாசலிலேயே இருக்கிறது. ஏசியைப் போட்டுவிட்டுக் கண்ணாடியை இறக்கினால், உள்ளிருக்கும் குளிர்காற்று வெளிச்சூட்டோடு கலப்பது லென்ஸின் முகத்துக்கு நேரேதான். ஏசியையும் எஞ்சினையும் நிறுத்தி, கண்ணாடிகளை இறக்கி, உள்ளும் வெளியும் ஒரே சூடாகும்வரை பொறுங்கள். சூடான பொனட்டுக்கு மேலால் எடுக்கவே வேண்டாம்.

வெள்ளைக் கொக்கை வெளிற வைப்பது

கரும்பச்சைக் கண்டலுக்கு முன்னால் கொக்கு நின்றால், கமரா இருட்டைப் பார்த்து ஒளியைக் கூட்டிவிடும்; இறகு வெறும் வெள்ளைத் தாளாகும். வெளிச்ச ஈடுசெய்தலை (exposure compensation) -1 முதல் -1.7 வரை இறக்குங்கள். பறவை வெளிர் வானத்துக்கு எதிரே பறக்கும்போது நேர்மாறாக +1 வேண்டும். பின்னணி மாறிக்கொண்டே இருந்தால் கையால் அமைப்பதே மேல்: முழு வெயிலில் ஐ.எஸ்.ஓ. 400, f/8, 1/3200 என்று தொடங்கி, திரையில் அளவுமீறி வெளிறும் பகுதிக்கான மினுக்கல் எச்சரிக்கையைப் பார்த்துத் திருத்துங்கள்.

மீன்கொத்தியின் நீலத்தை ஏற்றுவது

அதன் முதுகின் நீலம் சாயத்தால் வந்ததில்லை. இறகின் நுண்ணமைப்பு ஒளியைச் சிதறடிப்பதால் தோன்றுவது. அதனால் வெளிச்சத்தின் திசையோடு அதுவும் மாறும். சூரியன் உங்கள் முதுகுப்பக்கம் இருக்கட்டும். ரோ (RAW) கோப்பாக, அதாவது கமராவின் மூலப் பதிவாக எடுத்து, வெண்சமநிலையை (white balance) 5200 முதல் 5500 கெல்வினில் நிறுத்துங்கள். தானியங்கியில் விட்டால் விடிகாலைப் பொன்னிறத்தைக் கழுவிவிடும், மரநிழலின் பச்சையையும் ஒழுங்காகத் தீர்க்காது. நிறச்செறிவை ஏற்றும்போது படத்தின் நீலப் பதிவு முதலில் நிரம்பி இறகு விவரம் அழிகிறது. ஆகவே சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் தனித்தனி ஒளி வரைபடத்தை (histogram) பாருங்கள். பூநாரையிலும் இதே கதை: உடல் பெரும்பாலும் வெளிர், அடர்ந்த நிறம் சிறகில்தான். முழுப் பறவையையும் செம்பருத்தி நிறமாக்குவது அந்தப் பறவைக்குச் செய்யும் அநியாயம்.

வயிற்றில் போகஸ்

பத்து மீட்டரில் 600 மி.மீ., f/6.3 என்றால் கூர்மை ஏறத்தாழ பத்து சென்ரிமீட்டர் ஆழத்துக்குத்தான். போகஸ் புள்ளி பறவையின் கண்ணில் இருக்க வேண்டும். தொடர் போகஸில் வையுங்கள். பறக்கும் ஆலாவுக்கு 1/3200க்குக் குறைய வேண்டாம்.

மங்கலாக வெளியாகும் நிறம்

கைபேசியில் பார்க்கப் போகும் படத்தை எஸ்.ஆர்.ஜி.பி. (sRGB) வண்ணவெளியில் சேமியுங்கள்; இல்லாவிட்டால் நிறம் மங்கித் தெரியலாம்.

கூடு

எடுக்காதீர்கள். தரையில் முட்டையிடும் ஆட்காட்டியும் ஆலாவும் உங்களுக்குப் பயந்து எழுந்தால், முட்டை வெயிலில் வேகும். இல்லாவிட்டால் காகம் கொண்டுபோகும்.

திருகோணமலையின் பிரெட்ரிக் கோட்டையும் துறைமுகமும்

கோட்டைக்குள் இராணுவம், துறைமுகத்தில் கடற்படை. நீள லென்ஸை நீட்டுமுன் காவலில் நிற்பவரிடம் கேளுங்கள்.