எந்த ஆப்பிள் எதற்கு: ரகம் அறிந்து தேர்ந்தெடுக்கும் முறை

ஆப்பிளை நிறம் பார்த்து எடுப்பவர்களே மிகுதி. பளபளவென்று சிவந்திருந்தால் இனிக்கும், பச்சையாக இருந்தால் இன்னும் பழுக்கவில்லை என்ற எண்ணம் பலரிடம் ஊறிப்போயிருக்கிறது. ஆனால் கிரானி ஸ்மித் என்ற ரகம் நன்றாக முற்றிய பின்னும் பச்சையாகவே இருக்கும். ரெட் டெலிசியஸோ உள்ளே சதை மாவாகிப் போன பிறகும் வெளியே சிவப்புக் குறையாமல் நிற்கும். ஆகவே ஓர் ஆப்பிளை எதற்குப் பயன்படுத்தலாம் என்று முடிவு செய்ய, நிறத்தை ஒதுக்கிவிட்டு மூன்றைக் கவனிக்க வேண்டும்: புளிப்பு எவ்வளவு, சதை எவ்வளவு கெட்டி, சூடு பட்டால் துண்டு துண்டாக நிற்குமா அல்லது கூழாகுமா. இம்மூன்றும் ரகத்துக்கு ரகம் பெரிதும் வேறுபடுபவை. ஒரே ரகத்துக்குள் அவ்வளவாக மாறாதவை. ரகத்தின் பெயரைக் கேட்டறிவதால் கிடைக்கும் பயன் இதுதான்.

ஒரே ரகத்தின் பழங்கள் ஒன்றையொன்று ஒத்திருப்பதற்கு அவை பெருக்கப்படும் விதமே காரணம். ஆப்பிள் மரம் பெரும்பாலும் தன் மகரந்தத்தால் காய் பிடிப்பதில்லை. வேறொரு ரகத்தின் மகரந்தம் அதற்குத் தேவைப்படுகிறது. அதனால் ஒவ்வொரு விதையும் ஒரு புதிய கலப்பு. ஒரே பழத்தின் ஐந்து விதைகளை ஊன்றினால் ஐந்து விதமான மரங்கள் வரும். அவற்றில் பெரும்பாலானவை தாய்மரத்தின் சுவைக்கு அருகில்கூட வரமாட்டா. நல்ல பழம் தரும் மரம் ஒன்று அமைந்துவிட்டால் அதை அப்படியே காப்பாற்ற ஒட்டுக்கட்டுவதுதான் வழி: அம்மரத்தின் குச்சியை வெட்டி, வேறொரு வேர்ச்செடியின் மீது பொருத்தி வளர்ப்பார்கள். சிட்னிக்கு அருகே ஈஸ்ட்வுட்டில் மரியா ஆன் ஸ்மித் என்ற மூதாட்டியின் தோட்டத்தில் 1868-ஆம் ஆண்டளவில் தானாக முளைத்த ஒரு கன்றின் நீட்சியே இன்று உலகெங்கும் காய்க்கும் ஒவ்வொரு கிரானி ஸ்மித் மரமும்.

இந்தக் கலப்புகளுக்கெல்லாம் தொடக்கம் மத்திய ஆசியாவின் தியான் ஷான் மலைச்சாரல். அங்கே காடாக வளரும் மாலஸ் சிவெர்சி என்ற காட்டு ஆப்பிளே நாம் உண்ணும் ஆப்பிளின் முதன்மையான மூதாதை. ரஷ்யத் தாவரவியலாளர் நிக்கொலாய் வாவிலோவ் 1929-இல், இன்றைய கசகஸ்தானில் உள்ள அல்மாட்டி நகரைச் சுற்றியுள்ள அக்காடுகளைக் கண்டு, ஆப்பிளின் பிறப்பிடம் இதுவே என்று கருதினார். பின்னாளில் மரபணு ஆய்வுகளும் அதையே உறுதிப்படுத்தின. வணிகப் பாதைகள் வழியே மேற்கே சென்றபோது ஐரோப்பியக் காட்டு ஆப்பிளும் இதனுடன் கலந்தது. அந்தக் காட்டு ஆப்பிள் சிறியது. கடும் புளிப்பும் துவர்ப்பும் கொண்டது.

அப்படியே கடித்துத் தின்பதற்கு வேண்டியது நொறுங்கும் சதையும், இனிப்போடு சிறிது புளிப்பும். சில ஆப்பிள்கள் மட்டும் மாவு மாவாக இருப்பது ஏன் என்று புரிந்துகொண்டால் தேர்வு எளிதாகும். பழத்தின் செல்களை ஒன்றோடொன்று ஒட்டிவைக்கும் பசை பெக்டின். பறித்து நாளாக ஆக அது கரைந்து தளரும்போது, கடித்தவுடன் செல்கள் உடைவதற்குப் பதிலாக ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துவிடுகின்றன. சாறு செல்லுக்குள்ளேயே தங்கிவிடுவதால் நாக்கு வறட்சியை உணர்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகம் 1991-இல் வெளியிட்ட ஹனிகிரிஸ்ப் ரகத்தின் புகழ் இதற்கு நேரெதிரான குணத்தால் வந்தது: அதன் செல்கள் பெரியவை, கடித்தால் உடைந்து சாற்றைக் கொட்டுபவை. ஜப்பானின் ஆவோமோரி மாவட்டத்தில் ஃபுஜிசாகி என்னும் ஊரில் இருந்த ஆய்வு நிலையம் ரெட் டெலிசியஸையும் ரால்ஸ் ஜேனட்டையும் கலந்து உருவாக்கி, 1962-இல் பெயரிட்ட ஃபுஜி, இனிப்பு மிகுந்தது, கெட்டியானது. நியூசிலாந்தில் பிறந்த காலா மெல்லிய தோலும் மிதமான இனிப்பும் உடையது. புளிப்பை விரும்பாதவர்களுக்கு அதுவே பொருத்தம்.

ரெட் டெலிசியஸைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் ஜெஸ்ஸி ஹயாட் என்ற விவசாயியின் தோட்டத்தில், வேண்டாம் என்று வெட்டிய பிறகும் மறுபடி துளிர்த்த ஒரு கன்றே அதன் மூலம் என்பார்கள். அவர் அதற்கு வைத்த பெயர் ஹாக்ஐ. 1890-களில் ஸ்டார்க் சகோதரர்களின் நாற்றுப்பண்ணை அதன் உரிமையை வாங்கி டெலிசியஸ் என்று பெயர் மாற்றியது. முதல் மரத்தின் பழம் சிவப்புக் கோடுகள் கொண்டதாகத்தான் இருந்தது. முழுச் சிவப்பாகக் காய்த்த கிளைகளையே பிறகு தேடித் தேடி ஒட்டுக்கட்டியதால் நிறம் ஏறியது, சுவை மங்கியது. பறித்த சில நாட்களுக்குள் கிடைத்தால் தின்ன நல்ல பழம்தான். சமைப்பதற்கு மட்டும் அதை நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். சூட்டில் சுவையும் நிற்பதில்லை, வடிவமும் நிற்பதில்லை.

சமையலில்தான் ரகத்தின் வேறுபாடு முகத்தில் அறைந்தாற்போல் தெரியும். இங்கிலாந்தின் சவுத்வெல்லில் மேரி ஆன் பிரெயில்ஸ்ஃபோர்ட் என்ற சிறுமி 1809-இல் ஊன்றிய விதையிலிருந்து வந்தது பிராம்லி ரகம். அந்த வீட்டைப் பின்னர் வாங்கிய கசாப்புக்காரர் மாத்யூ பிராம்லி, தம் பெயரைச் சூட்டினால் ஒட்டுக்கட்டக் குச்சி வெட்டிக்கொள்ளலாம் என்று சம்மதித்ததால், விதையை ஊன்றியவரின் பெயர் மறைந்து வீட்டுக்காரரின் பெயர் நிலைத்தது. புளிப்பைத் தரும் மாலிக் அமிலம் மிகுந்த இப்பழத்தைப் பச்சையாகத் தின்பது கடினம். அடுப்பில் ஏற்றினால் சில நிமிடங்களில் நுரைத்த கூழாகிவிடும். கனடாவில் தோன்றிய மெக்கின்டாஷும் அவ்வாறே எளிதில் குழையும். மசித்த கூழ், சாஸ் போன்றவற்றுக்கு இத்தகையவையே வேண்டும். மாறாக, துண்டுகள் துண்டுகளாகவே தெரிய வேண்டிய, மாவில் வைத்துச் சுடும் பை (pie), டார்ட் (tart) ஆகிய பண்டங்களுக்கும் முழுதாகச் சுடும் ஆப்பிளுக்கும் கோல்டன் டெலிசியஸ், கிரானி ஸ்மித், பிரேபர்ன் போன்றவை ஏற்றவை. கோல்டன் டெலிசியஸ் இனிப்பானது, புளிப்புக் குறைந்தது. கிரானி ஸ்மித் அதற்கு எதிர். இரண்டையும் பாதிக்குப் பாதி கலந்தால், ஒன்றை மட்டும் போடுவதைவிடச் சுவை ஆழமாக இருக்கும்.

கையில் கிடைத்த பழத்தின் பெயர் தெரியாவிட்டாலும் அதன் குணத்தைச் சோதித்தறியலாம். ஒரு சென்டிமீட்டர் தடிமனில் நான்கைந்து துண்டுகளை வெட்டி, இரண்டு மேசைக்கரண்டித் தண்ணீருடன் மூடிய பாத்திரத்தில் சிறு தீயில் பத்து நிமிடம் வைத்துப் பாருங்கள். விளிம்பு கூர்மையாக நின்றால் பை பண்டத்துக்கு ஆகும். உருக்குலைந்தால் கூழுக்கு ஆகும். சர்க்கரையைச் சேர்க்கும் நேரமும் முடிவை மாற்றும் என்பதைப் பலர் அறிவதில்லை. தொடக்கத்திலேயே சர்க்கரை சேர்த்தால் துண்டுகள் இறுகி வடிவம் காக்கும். கூழ் வேண்டுமென்றால், பழம் நன்றாகக் குழைந்த பிறகே சர்க்கரையைச் சேர்க்க வேண்டும்.

ஜெல்லிக்குப் பெக்டின் நிறைந்த பழம் தேவை. கொஞ்சம் காய்ப்பதமான, புளிப்பான ஆப்பிள்களிலும் காட்டு ஆப்பிள்களிலும் அது மிகுதி. தோலிலும் நடுப்பகுதியிலும் செறிந்திருப்பதால் அவற்றை எறியாமல் சேர்த்தே வேகவைத்து வடிகட்டுவது நல்லது. நொதிக்க வைத்துச் செய்யும் சைடர் பானத்துக்கோ துவர்ப்பு இன்றியமையாதது. இங்கிலாந்தின் பிரிஸ்டலுக்கு அருகே இருந்த லாங் ஆஷ்டன் ஆய்வு நிலையம் சைடர் ஆப்பிள்களை நான்காகப் பகுத்தது: சாற்றில் அமிலம் 0.45 விழுக்காட்டுக்கு மேலா கீழா, துவர்ப்பைத் தரும் டானின் 0.2 விழுக்காட்டுக்கு மேலா கீழா என்பதே அளவுகோல். சாமர்செட்டைச் சேர்ந்த டாபினெட், துவர்ப்பு மிகுந்து புளிப்புக் குறைந்த வகை. கிங்ஸ்டன் பிளாக், இரண்டும் மிகுந்த வகை. இவற்றைக் கடித்துத் தின்ன முயல்பவர் இரண்டாவது கடிக்குப் போகமாட்டார்.

சாலட்டுக்கு நறுக்கும்போது பழுப்பேறுவது ஒரு தொல்லை. நறுக்கிய இடத்தில் உடைந்த செல்களில் உள்ள பாலிஃபீனால் என்னும் வேதிப்பொருள்களோடு காற்றிலுள்ள ஆக்சிஜன் வினைபுரிவதை ஒரு நொதி தூண்டுவதே காரணம். எலுமிச்சைச் சாறு தடவினால் அந்நொதியின் வேகம் குறையும். நியூயார்க் மாநிலத்தின் ஜெனீவா ஆய்வு நிலையத்தில் மெக்கின்டாஷையும் பென் டேவிஸையும் கலந்து உருவாக்கிய கார்ட்லண்ட் ரகம் இயல்பாகவே மெதுவாகத்தான் பழுப்பேறும்.

சொந்தமாக மரம் வைத்திருப்பவர்கள் பறிக்கும் பருவத்தை அறிய, சிவப்பின் அடியில் தெரியும் அடிநிறத்தைப் பார்க்க வேண்டும். அது பச்சையிலிருந்து மஞ்சளுக்கு மாறத் தொடங்கியிருக்கும். இன்னும் நுணுக்கமாக அறிய, பழத்தைக் குறுக்கே வெட்டி அயோடின் கரைசலைத் தடவலாம். மாவுச்சத்து உள்ள இடம் கருநீலமாகும். அது சர்க்கரையாக மாறிவிட்ட இடம் நிறம் மாறாது. நடுவிலிருந்து வெளிப்புறமாக வெளுப்புப் பரவுவதே முற்றுவதன் அடையாளம். அயோடின் பட்ட பழத்தை உண்ணாமல் எறிந்துவிட வேண்டும்.

சேமிப்பிலும் ரகமே முதலில் பேசும். கோடைத் தொடக்கத்தில் பழுக்கும் ரகங்கள் சில வாரம்கூடத் தாங்கா. ஃபுஜி, கிரானி ஸ்மித் போன்று பருவத்தின் கடைசியில் வருபவை, உறைநிலைக்குச் சற்று மேலான குளிரில் மாதக்கணக்கில் நிற்கும். அறையின் வெப்பத்தில் எந்த ரகமும் மிக விரைவாக மென்மையாகிவிடுவதால், வாங்கிய அன்றே குளிர்பெட்டியில், துளையிட்ட பையில் வைப்பது நன்று. அடிபட்ட பழத்தை முதலில் பிரித்தெடுத்துச் சமைத்துவிட வேண்டும். அது வெளியிடும் எத்திலீன் வாயு பக்கத்துப் பழங்களையும் விரைந்து முதுமையாக்கும். அதே வாயுவால் கீரை மஞ்சளாகும், கேரட் கசக்கும் என்பதால் அவற்றை ஆப்பிளோடு ஒரே அடுக்கில் வைக்காதீர்கள்.