வானவில் யூக்கலிப்டஸ்: பினாங்கில் நடுவதற்கு முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பட்டை உரிய உரியப் பச்சை, நீலம், ஊதா, செம்மஞ்சள் என நிறம் மாறும் மரம் இது. படத்தைப் பார்த்தவர்கள் வீட்டு வாசலில் ஒன்று வேண்டும் என்று ஆசைப்படுவது இயல்பு. ஆனால் படத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். நிலத்தை அளந்த பிறகு முடிவெடுங்கள்.

பலர் இனத்திலேயே தவறிவிடுகிறார்கள். தைல மரம் என்றதும் நமக்கு ஊட்டிதான் நினைவுக்கு வரும். அங்கே 2,000 மீட்டருக்கு மேலே, குளிரில் வளர்வது குளோபுலஸ் என்ற இனம். பினாங்கின் கொடிமலையே (பினாங்கு ஹில்) 833 மீட்டர்தான். பூங்கொத்துகளில் வைக்கும் வெள்ளி நிற வட்ட இலை வகைகளும் குளிர்நாட்டுச் செடிகளே. இங்குள்ள சூடான இரவும் ஈரக்காற்றும் சேர்ந்து இலைப்புள்ளியையும் வேரழுகலையும் கொண்டுவந்துவிடும். வானவில் யூக்கலிப்டஸ், அதாவது டெக்லுப்தா, அப்படியல்ல. மிண்டானாவ், சுலாவேசி, நியூ கினி, நியூ பிரிட்டன் பகுதிகளின் மழைக்காட்டு மரம் அது. நம் மழையும் வெயிலும் அதற்கு நன்றாகவே ஒத்துப்போகும். தைலத்துக்காக நடுவதென்றால் மட்டும் வேண்டாம். இதன் இலையில் எண்ணெய் மிகக் குறைவு.

ஒத்துப்போவதால்தான் கவலையே. இளம் மரம் ஆண்டுக்கு 2 முதல் 3 மீட்டர் உயரும். சொந்தக் காட்டில் 60 மீட்டரைத் தாண்டும். நட்டு வளர்த்த இடங்களிலும் 30 மீட்டர் சாதாரணம். 20 அடி அகலமும் 70 அடி நீளமும் உள்ள லிங்க் வீட்டு (வரிசை வீட்டு) மனையில் இதற்கு இடமே இல்லை. மரம் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் வீடு, பக்கத்து வீடு, மின்கம்பி எதுவும் எட்டக்கூடாது என்றால் சுற்றிலும் 30 மீட்டர் வெற்றிடம் வேண்டும்; கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ முக்கால் ஏக்கர். விடியற்காலையில் வந்து மோதும் சுமத்ரா காற்றையும், 2017 நவம்பர் புயலில் தீவில் விழுந்த மரங்களையும் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு மிகையாகத் தெரியாது.

“உச்சியை வெட்டிக் குட்டையாக வைத்துக்கொள்கிறேன்” என்பது இதைவிட ஆபத்தான எண்ணம். வெட்டிய இடத்தில் அழுகல் நுழையும். அங்கே முளைக்கும் கிளைகள் வலுவின்றி ஒட்டிக்கொண்டிருக்கும், காற்றில் பிய்ந்து விழும். இந்த இனம் வெட்டிய பிறகு தழைப்பதிலும் மோசம், மரமே பட்டுப்போகலாம். முழுதாக வெட்டிவிடலாமே என்றால், அதற்கும் சட்டம் உண்டு. தீபகற்ப மலேசியாவின் 1976ஆம் ஆண்டு நகர, கிராமத் திட்டமிடல் சட்டப்படி, சுற்றளவு 0.8 மீட்டரைத் தாண்டிய மரத்தை வெட்ட உள்ளூராட்சி மன்றத்தின் எழுத்து அனுமதி வேண்டும். பட்டுப்போன மரம், உடனடி ஆபத்து போன்ற விலக்குகள் உண்டு. 0.8 மீட்டர் என்றால் விட்டம் 25 சென்டிமீட்டர்தான். இந்த மரம் அதைச் சில ஆண்டுகளிலேயே எட்டிவிடும்.

நிறத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். இணையப் படங்களில் பலவற்றுக்கு நிறத்தைக் கூட்டியிருக்கிறார்கள். பட்டை உரியத் தொடங்க மரம் ஓரளவு பருக்க வேண்டும். தொட்டியில் நெருக்கி வளர்த்தால் அந்த நிலைக்கு வராது.

இவ்வளவும் தெரிந்து, பாலேக் பூலாவ் பக்கம் தோட்டமும் இருந்தால், விதையில் ஏமாறாதீர்கள். உண்மையான விதை தூள் போலிருக்கும். ஒரு கிராமில் ஆயிரக்கணக்கில் அடங்கும். பாசிப்பயறு அளவில் வந்தால் அது வேறு எதுவோ. விதையை மண்ணால் மூடாமல் மேலே தூவி, தட்டின் அடியிலிருந்து நீர் ஏற விடுங்கள். மேலிருந்து ஊற்றினால் விதை அடித்துப்போகும். முளைத்தவை தண்டழுகி விழும்.

வெளிநாட்டிலிருந்து கன்றோ தழையோ பையில் போட்டுக் கொண்டுவரவே கூடாது. இறக்குமதி அனுமதியும் தாவர நலச் சான்றிதழும் கேட்பது வெறும் சடங்கல்ல. 2010இல் ஆஸ்திரேலியாவுக்குள் நுழைந்த மிர்ட்டில் துருநோய் யூக்கலிப்டசின் குடும்பத்தில் பல இனங்களைத் தாக்கக்கூடியது. கொய்யா, ஜம்பு, நாவல், கிராம்பு எல்லாம் அந்தக் குடும்பம்தான். உங்கள் ஒரு கன்று பக்கத்துத் தோட்டக்காரரின் கிராம்பு மரங்களுக்கு வினையாகக் கூடாது.

நடும் இடத்தில் 60 சென்டிமீட்டர் ஆழக் குழி தோண்டி நீர் நிரப்புங்கள். வடிந்ததும் மீண்டும் நிரப்பி, ஒரு மணி நேரத்தில் எவ்வளவு இறங்குகிறது என்று அளந்து பாருங்கள். 2.5 சென்டிமீட்டர்கூட இறங்காவிட்டால் அந்த இடம் வேண்டாம். கடலைத் தூர்த்து மேடாக்கிய தஞ்சோங் தோக்கோங் போன்ற நிலங்களும் ஒத்துவராது. கன்று 30 முதல் 50 சென்டிமீட்டர் உயரமே போதும். பெரிய கன்றாக வாங்கினால் பையின் உள்ளே வேர் சுருண்டிருக்கும். அந்தச் சுருள் பிறகு விரியாது, பத்தாண்டு கழித்து மரம் வேரோடு சாய அதுவே காரணமாகும். ஜனவரி, பிப்ரவரி வறட்சியில் முதல் ஆண்டுக் கன்றுக்கு வாரம் இருமுறை 10 லிட்டராவது ஊற்ற வேண்டும்.

நிலம் சிறியது, ஆனாலும் இந்த அழகு வேண்டும் என்பவர்கள் நம் நாட்டுப் பெலாவான் மரத்தைத் தேடிப் பாருங்கள். அதுவும் யூக்கலிப்டசின் குடும்பம். செம்பழுப்புப் பட்டை தாள் தாளாக உரியும், வளர்ச்சி மெதுவானது. மணமும் தைலமும்தான் வேண்டுமென்றால் கெலாம். காயு பூத்தே எண்ணெய் எடுப்பது இந்த இனத்திலிருந்துதான். வெள்ளைப் பட்டை உரியும், நீர் தேங்கும் இடத்திலும் நிற்கும். எண்ணெய்த் தோட்டங்களில் செய்வதுபோல இடுப்பளவில் வெட்டிவிட்டாலும் மீண்டும் தழைக்கும்.